அந்தப் பத்து நிமிடம்

பிரசவ வார்டில் 11 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது நர்சிங் மாணவிகளுக்கு மகப்பேறு பாடம் எடுக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

மாணவியாக முதன்முதலில் லேபர் வார்டுக்குப் போன அன்று, வலியில் கத்திய ஒரு பெண்ணைப் பார்த்து எங்கள் சீனியர் ஒருவர், "அன்னைக்கு மட்டும் இனிச்சுதா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் அப்புறம் கத்தவே இல்லை. சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சில வருடம் கழித்து ஓர் இரவு டூட்டியில் அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. யாரும் எனக்கு அதைப் பாடமாக நடத்தவில்லை. பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

உடனே "நர்ஸுங்களே இப்படித்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த இரவில் வலியோடு 5 பேர், குழந்தை பெற்று மேஜையிலேயே இருந்தவர் ஒருவர். நாங்கள் 2 பேர். திட்டியதற்கு இது நியாயம் ஆகாது, ஆனால் காரணத்தில் பாதி இதுதான்.

பார்ட்டோகிராஃப் என்று, பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்பதைக் கோடாக வரைந்து பார்க்கும் ஒரு தாள் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக் குறிக்க வேண்டும். அதேபோல அரை மணிக்கு ஒருமுறை வயிற்றில் கையை வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ண வேண்டும். ஒருவருக்கு 10 நிமிடம் என்றால் 3 பேருக்கே அரை மணி போய்விடும். மீதிப் பேருக்கு? அதனால் குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து மொத்தமாகப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறோம். நானே இழுத்திருக்கிறேன். அப்படிப் போட்ட தாளில் எல்லாக் கோடும் அழகாக மேலே ஏறும், எதுவுமே எச்சரிக்கைக் கோட்டைத் தொடாது. பிரசவம் தடைபடுவதை நேரத்தோடு கண்டுபிடிக்க வந்த தாள் அது.

எங்களோடு மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். எத்தனை பேர் இருந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தை விடமாட்டார். தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண், கட்டில் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வயிற்றில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "வருது... ஏறுது... உச்சிக்கு வந்தாச்சு, வாயால ஊது... இறங்குது பாரு, இறங்கிருச்சு." வலி எப்போது வரும், எப்போது விடும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. மூன்றாவது வலியில் கம்பியை விட்டுவிட்டாள். அப்புறம் எழுந்து கட்டில் ஓரத்தில் குனிந்து நிற்கச் சொல்லி, இடுப்பின் பின்புறம் உள்ளங்கையால் அழுத்திக் கொடுத்தார். எண்ணிய கையும் தேற்றிய கையும் ஒன்றுதான். இதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இது வெறும் மனிதாபிமானம் என்று நினைத்தால் தப்பு. பிரசவத்தின்போது ஒருவர் தொடர்ந்து பக்கத்தில் இருப்பது பற்றி 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்டது. சுகப்பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது, 44.9 சதவீதம் சிசேரியன். பெண்களை ஆஸ்பத்திரிக்கு வரவைத்துவிட்டோம், அது பெரிய சாதனைதான். வந்தவள் பக்கத்தில் உட்கார ஆள் போட்டோமா? நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுகிறார்கள். ஆனால் பல இடங்களில் அந்த அம்மா பையையும் ஃபிளாஸ்க்கையும் காத்துக்கொண்டு ஓரமாக நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கே அழுத்த வேண்டும், எப்படி மூச்சு விடச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு 5 நிமிடம் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

மருத்துவச்சிப் பணிக்காக 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டு, 18 மாதப் பயிற்சி கொண்டுவந்தது. நல்ல விஷயம். பயிற்சி முடித்து வருபவர்களை வேறு வார்டுக்கு மாற்றாமல் லேபர் வார்டிலேயே வைக்க வேண்டும், இரவு டூட்டிக்கு ஆள் கூட்ட வேண்டும்.

எங்கள் படிப்பிலும் கோளாறு இருக்கிறது. செய்முறைத் தேர்வில் பொம்மைக்குத்தான் பிரசவம் பார்க்கிறார்கள். "அம்மா, உங்களுக்குப் பரிசோதனை செய்யப் போகிறேன், ஒத்துழைப்புக் கொடுங்கள்" என்று ஒரே மூச்சில் பொம்மையிடம் ஒப்பித்தால் அதற்கு ஒரு மார்க். கேஸ் புக்கில் எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கணக்கு இருக்கிறது. ஒருத்தியோடு எவ்வளவு நேரம் இருந்தாய் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

அதனால் என் மாணவிகளை முதல் வாரம் கையுறை போடவே விடுவதில்லை. ஆளுக்கு ஒரு தாய், ஒரு ஸ்டூல், 10 நிமிடம். போன வாரம் ஒரு பிள்ளை தாளில் எதுவும் எழுதாமல் வந்து நின்றாள். ஏன் என்று கேட்டேன். "அவங்க என் கையை விடவே இல்ல மேம். நாலு வலி, கடைசி வலி 45 செகண்ட். இப்ப எழுதிடறேன்" என்றாள்.