தோற்ற கோட்பாடுகளுக்கும் ஒரு மரியாதை உண்டு

ஈர்ப்பலை, அதாவது பெரிய பொருள்கள் மோதும்போது வெளியில் பரவும் அதிர்வு, பற்றி எந்தச் செய்தி வந்தாலும் தலைப்பு ஒன்றுதான்: "ஐன்ஸ்டைன் சொன்னது சரி." தப்பில்லை. ஆனால் அவர் கோட்பாடு ஜெயித்த சோதனையில் தோற்றவர்கள் யார், எதைப் பணயம் வைத்துத் தோற்றார்கள் என்று யாருமே எழுதுவதில்லை. எனக்கு அது பெரிய குறை.

2017 ஆகஸ்ட் 17. சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வு, ஈர்ப்பலையைப் பிடிக்கும் லைகோ கருவிகளில் பதிவானது. அது முடிந்து 1.7 விநாடியில் ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிர் வெடிப்பைப் பார்த்தது. காமா கதிரும் ஒளியின் ஒரு வகைதான். 13 கோடி வருடப் பயணம், இரண்டு விநாடிகூட இடைவெளி இல்லை! அந்த 1.7 விநாடியும் வழியில் ஆன தாமதம் என்று சொல்ல முடியாது. காமா கதிர் கிளம்பியதே பிந்தியிருக்கலாம். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஈர்ப்பலைக்கும் ஒளிக்கும் உள்ள வேக வித்தியாசம், ஒளி வேகத்தை, 1-க்குப் பின்னால் 15 சைபர் போட்டால் வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பதில் மூன்று பங்கைத் தாண்டாது.

இங்கேதான் இயற்பியலாளர் ஜேக்கப் பெகன்ஸ்டீன் நினைவுக்கு வருகிறார். கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பை மட்டும் காட்டும் கரும்பொருள் என்று ஒன்று தேவையே இல்லை, ஈர்ப்பு விதியைத் திருத்தினால் போதும் என்பது இயற்பியலாளர் மில்க்ரோம் 1983-இல் வைத்த யோசனை. அதற்கு ஐன்ஸ்டைனின் சார்பியலோடு பொருந்தும் முழுமையான வடிவம் கொடுத்து பெகன்ஸ்டீன் 2004-இல் எழுதியது 'டெவெஸ்' கோட்பாடு. அதன்படி ஒளி வெளி-காலத்தின் ஒரு வடிவியலில் போகும், ஈர்ப்பலை வேறொன்றில். அப்படியானால் இரண்டும் வந்துசேர மாதக்கணக்கில் வித்தியாசம் இருந்திருக்க வேண்டும். வந்தது 1.7 விநாடி. கோட்பாடு அன்றே விழுந்தது. பெகன்ஸ்டீன் அதைப் பார்க்கவில்லை. 2015 ஆகஸ்டில், முதல் ஈர்ப்பலை பிடிபடுவதற்கு ஒரு மாதம் முன்பே காலமாகிவிட்டார்.

இதைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த இடத்தில் அடித்தால் விழும் என்று தெளிவாகக் காட்டிக்கொண்டு நின்ற கோட்பாடு அது. எந்த அளவீடு வந்தாலும் வளைந்து கொடுக்கிற கோட்பாட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம். அது விழுந்த இடத்தைப் பார்த்துத்தான் 2021-இல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் என்ற இரு இயற்பியலாளர்கள், ஈர்ப்பலை ஒளியின் வேகத்திலேயே போகும்படி புதிய கோட்பாடு ஒன்றை அமைத்தார்கள்.

அப்புறம் இன்னொன்று. பிரபஞ்ச விரிவின் முடுக்கத்தை விளக்க வந்த பல ஈர்ப்புக் கோட்பாடுகளும் அதே நாளில் அடிபட்டன. ஆனால் லைகோ கேட்பது நூறு ஹெர்ட்ஸ் வாக்கிலான, அதாவது விநாடிக்குச் சுமார் நூறு முறை துடிக்கும் அதிர்வுகளை. அந்தக் கோட்பாடுகள் பேசுவதோ பிரபஞ்ச அளவிலான மாற்றங்களை. தாழ்ந்த அதிர்வெண்ணில் வேகம் மாறலாம் என்று 2018-இல் டி ராம், மெல்வில் என்ற இயற்பியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே வழக்கு முழுசாக முடியவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2035 வாக்கில் ஏவத் திட்டமிட்டிருக்கும் லிசா என்ற விண்வெளி ஈர்ப்பலைக் கருவி, அதைவிட மிகத் தாழ்ந்த மில்லிஹெர்ட்ஸ் அளவில் கேட்கும். அங்கேயும் வேகம் இதுதான் என்று வந்தால் அந்த வழியும் அடைபடும்.