கிரெட்டே வெறும் துரோகி அல்ல

ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவின் 'உருமாற்றம்' கதையில் தங்கை கிரெட்டே வயலின் வாசித்துப் பொழுதைக் கழித்தவள், பூச்சியாக மாறிப்போன அண்ணன் கிரெகோரைக் கடைசியில் கைகழுவியவள் என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. 'இதைத் தொலைத்தாக வேண்டும்' என்று முதலில் வாய்விட்டுச் சொல்பவள் அவள்தான், மறுக்கவில்லை. ஆனால் கிரெகோரைத் தொடக்கத்தில் கவனித்துக்கொண்டவளும் அந்த 17 வயதுப் பெண்தானே? பாலை அவன் தொடவில்லை என்று கண்டதும், எது பிடிக்கிறதென்று பார்க்க, பாதி அழுகிய காய்கறி, எலும்பு, பாதாம், நாள்பட்ட சீஸ் என்று பழைய செய்தித்தாளில் பரப்பி வைக்கிறாள். அதுவரை பெற்றோருக்கு அவள் உதவாக்கரை! (அப்பாவோ ஆப்பிளை வீசி மகன் முதுகைப் புண்ணாக்கியவர்.) அப்புறம் வீட்டில் பணமுடை வந்ததும் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலைக்குப் போகிறாள்; மாலையில் சுருக்கெழுத்தும் பிரெஞ்சும் படிக்கிறாள். அண்ணனின் சாப்பாட்டை அவசரமாகக் காலால் தள்ளிவிட்டு ஓடுவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.