புழு வைத்த கையெழுத்து

திருகோணமலைச் சந்தையில் கிலோ 300 ரூபாய்க்கு விற்ற கத்தரிக்காயை, பச்சைப் பலகையில் ‘இயற்கை’ என்று எழுதியிருந்த ஒரே காரணத்துக்காக 620 ரூபாய் கொடுத்து வாங்கிய என்னை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று நேற்று மாலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காசைக் கொடுத்துவிட்டு நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “தம்பி, இதற்கு மருந்தடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்?” தோட்டம் நிலாவெளிப் பக்கமா தம்பலகாமமா, கடைசியாக எதைத் தெளித்தார்கள், தெளித்து எத்தனை நாள் கழித்துப் பிடுங்கினார்கள் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கூடையைக் கிளறினார். ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்தியில்லாமல் வைத்தார். இன்னொன்றை எடுத்தார், அதுவும் சரிவரவில்லை. மூன்றாவது காயில் தேடியது கிடைத்ததும், நகைக்கடைக்காரர் தோட்டுக் கல்லைக் காட்டுவதைப் போல அதை வெளிச்சத்தில் பிடித்து, “பாருங்கோ அக்கா, புழுக்குத்து. மருந்தடித்திருந்தால் புழு வருமா?” என்றார்.

வரும், தம்பி. தாராளமாக வரும். கத்தரியைத் துளைக்கும் அந்தப் புழு, முட்டையை விட்டு வெளிவந்த சில மணி நேரத்திலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடுகிறது. அதன்பின் வெளியே எதை அடித்தாலும் அதற்கு எட்டுவதில்லை என்பதால்தான் தோட்டக்காரர்கள் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். நீங்கள் பெருமையோடு காட்டிய ஓட்டை, புழு வளர்ந்து வெளியேறிய வாசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே குடியிருந்தவர் காலிசெய்துவிட்டுப் போன வீட்டுக்கு நான் இரட்டிப்பு வாடகை கட்டியிருக்கிறேன்.

உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் எல்லாம் போய்விடும் என்கிறார் மாமி. தோலில் படிந்ததில் கொஞ்சம் போகலாம். செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொண்டதை எந்த மஞ்சள் கழுவும்? முழு நாட்டையும் இயற்கைக்கு மாற்றுகிறோம் என்று 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய அரசாங்கமே நவம்பரில் பின்வாங்கியது என்றால், மாதம் 5000 ரூபாயை ஒதுக்கிவைத்துக்கொண்டு ஒரு குசினியை மாற்றப் புறப்பட்ட நான் எம்மாத்திரம்!

இந்தப் பிரசங்கத்தை நான் மனத்துக்குள் முடிப்பதற்கிடையில் கூடையில் இலையான் மொய்க்கத் தொடங்கியது. உடனே அவர் மேசைக்கு அடியிலிருந்து நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரேயை எடுத்து, கத்தரிக்காய், பயற்றங்காய், என் பை, என் முகம் என்ற வேறுபாடு எதுவுமின்றி அடித்துவிட்டு, “இப்ப சுத்தம், அக்கா” என்றார்.

வீட்டில் சட்டிகளில் வளர்த்த பொன்னாங்காணியாவது மிஞ்சும் என்று நம்பியிருந்தேன். இன்று விடியற்காலை கதவைத் திறந்தபோது, கோட்டைப் பக்கத்திலிருந்து நகருக்குள் உலாவும் மான்களில் ஒன்று கடைசித் தண்டை மென்றுகொண்டு நின்றது. வீதியோரக் குப்பையில் சொப்பிங் பையைக்கூட விட்டுவைக்காத அந்த இனத்துக்கு, எங்கள் வளவுக்குள் நுழைந்ததும் நஞ்சில்லாத உணவில் அக்கறை பிறந்துவிடுகிறது. ஆத்திரத்தில் அந்த 620 ரூபாய்க் கத்தரிக்காயில் ஒன்றை எடுத்து அதன் முன்னால் எறிந்தேன்.

முகர்ந்து பார்த்துவிட்டு, தொடாமல் போய்விட்டது.