மெஷின் மேல் பழி, கோளாறு கிரைண்டரில்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாகவும் ஹோம்ஸ்டேவாகவும் மாற்றியவர்களில் பலர் வெந்நீரை அழுத்தி காபி இறக்கும் எஸ்பிரெசோ மெஷினும் வைத்திருக்கிறார்கள். மெஷினுக்கு லட்சத்தில் செலவழித்துவிட்டு காபிக் கொட்டை அரைக்கும் கிரைண்டரில் மட்டும் கஞ்சத்தனம். காபி தண்ணியாக ஓடினால் உடனே மெஷின்காரருக்கு போன்! அவர் வந்து என்ன செய்வார், பாவம்.

தராசை எடுங்கள். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25–30 வினாடியில் இறங்க வேண்டும். 15 வினாடியில் கொட்டினால் தூள் கொரகொர. 45 தாண்டியும் சொட்டினால் ரொம்ப நைஸ். தூளின் எடையையும் அரைப்பையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கிரைண்டரின் அரைப்பு அளவை நைஸாக்கத் திருகும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கட்டும். நின்ற நிலையில் திருகினால் கொட்டையை அரைக்கும் இரண்டு பல் தகடுகளுக்கு நடுவில் கிடக்கும் கொட்டைத் துண்டுகள் இறுகிக்கொள்ளும். அப்புறம் சுவிட்சைப் போட்டால் முனகல் மட்டும்தான் வரும். முனகினால் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மேல் தகட்டைக் கழற்றிச் சிக்கியதை எடுங்கள். கொட்டையோடு வந்த பொடிக்கல்லாகவும் இருக்கலாம். தகடு கையால் தாராளமாகச் சுற்றியும் மோட்டார் முனகினால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள், அது எலக்ட்ரீஷியன் வேலை.

அரைப்பு அளவை மாற்றியதும் 5–10 கிராம் அரைத்துக் கொட்டிவிடுங்கள். தூள் விழும் வாயில் பழைய அரைப்பு தங்கியிருக்கும். இதைச் செய்யாமல் 'திருகியும் ஒண்ணும் மாறலையே' என்று மறுபடி திருகி, அடுத்த காபி இறக்கும்போது மெஷினையே அடைத்துவிடுகிறார்கள்.

நைஸாக்க நைஸாக்க காபி இன்னும் வேகமாக ஓடுகிறதா? தூள் கட்டி கட்டியாக விழுகிறது. தண்ணீர் அதற்குள் ஒரு சந்து பிடித்து ஓடுகிறது. மெல்லிய ஊசியால் கிளறிச் சமன் செய்து அழுத்துங்கள். அப்படியும் தீராவிட்டால் தகடு சாய்ந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு தகட்டின் வெளி விளிம்பில் ஒயிட்போர்டு மார்க்கர் மையைப் பூசி, கொட்டை இல்லாமல் உரசும்வரை இறுக்கிக் கையால் சுற்றுங்கள். மை ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் சாய்வு உறுதி. பெரும்பாலும் தகடு உட்காரும் இடத்தில் அப்பிய பழைய தூள்தான் காரணம். பிரஷ்ஷால் தட்டித் துடைத்தாலே சரியாகும். இல்லையென்றால் மை அழியாத பக்கத்துக்கு அடியில் அலுமினிய ஃபாயில் துண்டு வையுங்கள். திரும்பப் பூட்டும்போது முதலில் எதிர்த்திசையில் சுற்றி, மரை 'டக்' என்று உட்கார்ந்ததும் இறுக்குங்கள். மரை சிதைந்தால் செலவு பெரிது.

வோல்டேஜ் இறங்கும் கோடை மாலைகளில் இத்தனை வினாடி அரை என்று வைக்கும் கிரைண்டர் டைமரை நம்பாதீர்கள். மோட்டார் தளர்ந்தால் அதே வினாடிக்குத் தூள் குறைவாக விழும். ஒவ்வொரு முறையும் தூளை எடை பார்த்துப் போடுங்கள். கொட்டை ரகத்தை பிளான்டேஷன் ஏ-யிலிருந்து உருண்டைக் கொட்டையான பீபெரிக்கு மாற்றினாலும் அரைப்பு அளவை முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.

சிக்கரியை இதற்குள் காட்டவே காட்டாதீர்கள். ஈரத்தை இழுத்துப் பிசினாக ஒட்டும். ஃபில்டர் காபிக்குக் கடையில் தனியாக அரைத்துக்கொள்ளலாம். மிக்ஸிக்குச் செய்வதுபோல அரிசி போட்டுச் சுத்தம் செய்வதையும் விடுங்கள். மோட்டாருக்குச் சுமை, மாவும் உள்ளே தங்கும்.

இத்தனையும் செய்து, முன்பைவிட வெகுவாக நைஸாக்கினால்தான் 25 வினாடி பிடிக்கிறது என்றால் தகட்டின் பல் மழுங்கிவிட்டது. இரண்டு தகடுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.