கியரை வளைவுக்கு முன்னாலேயே போடுங்கள்

கொல்லிமலைக்குப் போகிற பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஊட்டிக்குப் பக்கத்துக் கல்லட்டியில் 36. இந்தப் பாதைகளில் ஏறிய கதையைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் மேனுவல் கியர் வண்டியின் அருமை இறங்கும்போதுதான் தெரியும்.

"ஆட்டோமேட்டிக் வந்தாச்சு, இன்னும் ஏன் அந்த கியர் ராடைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் மேனுவல் பிரியர்கள் பலரும் 'ஃபீல்', 'கண்ட்ரோல்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கேட்டவருக்கு அது வெறும் பழக்கதோஷமாகத்தான் படும். சரியான பதில் வேறு. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் பெட்டிகள் வேகத்தையும் ஆக்சிலேட்டரையும் பார்த்து, நடந்ததற்கு ஏற்ப கியர் மாற்றுகின்றன. அடுத்த வளைவு அவற்றுக்குத் தெரியாது. ஓட்டுகிறவருக்குத் தெரியும். வளைவு வருவதற்கு முன்பே அவரால் கியரைக் குறைக்க முடியும். மேனுவல் மேல் இருக்கிற பற்றுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அந்த உயரத்தில் அது சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கிற 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். டயர் உராய்வும் காற்றும் கொஞ்சம் தின்றுவிடும். மீதி எங்கேயாவது வெப்பமாகப் போய்த்தான் ஆக வேண்டும். போக இரண்டே வழி: பிரேக் அல்லது இன்ஜின். நான்காவது கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர் கிட்டத்தட்ட முழுவதையும் பிரேக்கின் உராயும் பாகங்களான டிஸ்க், பேட், டிரம் தலையில் கட்டுகிறார்.

அதன் பிறகு நடப்பது இரண்டு விதம். முதலாவது, பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானம் குறையும். பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், மிதித்தாலும் வண்டி நிற்காது. கருகல் வாடை வரும். இரண்டாவது இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற தர ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230, 155. காலிப்பரில், அதாவது பேடை டிஸ்க்மேல் அழுத்தும் பாகத்தில், ஆயில் கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். அதனால் பெடல் பஞ்சுபோலத் தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுதான். 'அளவு குறையவில்லையே' என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விடுவது தவறு. ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது கியரில் இறங்கினால் என்ன ஆகிறது? காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தவுடன் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழியிலுள்ள திராட்டில் மூடியிருப்பதால் பிஸ்டன் காற்றை இழுக்கவே திணறும், அதுவே வண்டியைப் பிடித்து நிறுத்தும். வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். பிரேக்கை வளைவுக்கு முன் ஓரிரு முறை நன்றாக மிதித்தால் போதும், மற்ற நேரத்தில் அது ஆறிக்கொண்டிருக்கும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதில் இந்தக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்றும் நம்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இன்ஜெக்டர் உள்ள வண்டியில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் கணினி எரிபொருளை முழுக்க நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். செலவும் கூட, ஆபத்தும் கூட. சாவியையே அணைத்துவிட்டு இறங்கினால் மிதிக்கும் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது. மூன்று நான்கு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவதற்கும் ஒரு முறை உண்டு. மூன்றில் 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) ஓடிக்கொண்டிருந்தால் அதே வேகத்துக்கு இரண்டில் சுமார் 3,000 வேண்டும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து முள்ளை அந்த 2,000-க்குக் கொண்டுவாருங்கள். கிளட்சை மிதித்து ராடை இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். கிளட்சை விடுவதற்கு முன் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி 3,000 பக்கம் ஏற்றி, பிறகு விடுங்கள். குலுங்கவே குலுங்காது. இதைச் செய்யாமல் கிளட்சைப் பட்டென்று விட்டால் அந்த 1,000 சுற்றுகளையும் கிளட்ச் பிளேட்டும் முன் டயரும்தான் இழுத்து ஏற்ற வேண்டும். மழை ஈரத்தில் டயர் வழுக்க அது போதும். இதெல்லாம் வளைவுக்கு முன்னால் நேர்சாலையிலேயே முடிந்துவிட வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே கியரைத் தேடக் கூடாது.

மேனுவல் பிடிக்கும் என்று சொல்கிறவர்களே அதிகம் செய்யும் தவறு ஹாஃப் கிளட்ச், அதாவது அரைக் கிளட்ச். மேட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து, வண்டியைப் பின்னால் போகாமல் நிறுத்தி வைப்பார்கள். ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் அந்த நேரம் முழுக்கத் தேய்ந்துகொண்டிருக்கிறது. லட்சம் கிலோமீட்டர் வரக்கூடிய பிளேட் இப்படி 30,000-த்திலேயே போய்விடலாம். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், நியூட்ரல் போடுங்கள், காலை எடுங்கள். கிளம்பும்போது முதல் கியர் போட்டு, 1,500 ஆர்பிஎம் பக்கம் கொடுத்து, கிளட்சை மெல்ல விட்டு, முன்பக்கம் லேசாகத் தூக்குவது தெரிந்தவுடன் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகாது.

பிளேட் தேய்ந்ததா என்று வீட்டுப் பக்கத்துக் காலிச் சாலையிலேயே பார்க்கலாம். நான்காவது கியரில் 50-ல் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்சை மிதித்தால் மட்டும் கரகர சத்தம் வந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் போய்விட்டது. மிதித்தவுடன் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸை இறக்கும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. இறக்கி ஏற்றுகிற கூலிதான் பெரிது. கியர் ஆயிலின் தரம் வண்டியோடு வந்த கையேட்டில் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 தான். 'உசத்தி' என்று ஜிஎல்-5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் கியர் சத்தமின்றி விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு ஆகாது.

நகர நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் ஊர்கிறவர் ஆட்டோமேட்டிக் வாங்குவது நியாயம். முழங்கால் வலி உள்ளவருக்கு அது வரம். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. என் ஆதங்கம் சட்டத்தின் மேல்தான். நம் மோட்டார் வாகனச் சட்டம் இருசக்கர வண்டிக்கு கியர் உள்ளது, இல்லாதது என்று உரிமத்தைப் பிரிக்கிறது. காருக்கு அந்தப் பிரிவே இல்லை. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டித் தேறினால் மேனுவல் ஓட்ட உரிமம் கிடையாது. இங்கே கிளட்சையே மிதிக்காமல் பழகியவர் வாடகைக்கு ஒரு மேனுவல் வண்டி எடுத்து நேராக மலையேறலாம். டிரைவிங் ஸ்கூல்களில் ஒரு நாளாவது இறக்கத்தில் கியர் பிடித்து ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. மேலிருந்து கிளம்புவதற்கு முன் உங்கள் வண்டியில் கியரைக் குறைத்துப் பிடிக்க எல், 2, எம் அல்லது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடில் எது இருக்கிறது என்று பார்த்து, வண்டி நிற்கும்போதே அதைப் போட்டு எடுத்துப் பழகுங்கள். முதல் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.