சம்மதித்தார்களாம், சம்மதித்தார்கள்!

ஞாயிற்றுக்கிழமை கலந்துரையாடலைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். "அந்தக் காலத்து மார்மன் பெண்களே மனமொப்பித்தான் பலதார மணத்துக்குச் சம்மதித்தார்கள், உங்களுக்கு ஏன் எரிகிறது?" என்று அதில் பேசிய ஓர் அன்பர் கேட்டதும் பாதிப் பேர் சிரித்தார்கள். ஆமாம், எரிகிறது.

கேட்கிறவர் தீர்க்கதரிசி, கேட்கச் சொன்னவர் கடவுள் என்றால், அங்கே ஒரு பெண் சொல்லும் 'சரி'க்கு என்ன மதிப்பு? அமெரிக்காவில் மார்மன் கிறிஸ்தவ சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், பலதார மணம் கடவுள் கட்டளை என்று 1843 ஜூலையில் சொல்லி எழுதவைத்த வெளிப்படுத்தல், அவர்களின் புனித நூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலில் 132ஆம் பாகமாக இன்றும் இருக்கிறது. அவர் மனைவி எம்மாவைப் பெயர் சொல்லியே மிரட்டுகிறது: கணவருக்குக் கொடுக்கப்பட்ட பெண்களை ஏற்றுக்கொள், கட்டளைக்கு அடங்காவிட்டால் அழிக்கப்படுவாய். முதல் மனைவியின் அனுமதி வேண்டுமாம். அவள் மறுத்துவிட்டால்? அனுமதி இல்லாமலே கட்டிக்கொள்ளலாமாம். அடடா, என்ன பெருந்தன்மை!

அதே ஆண்டு ஹெலன் மார் கிம்பல் என்ற பெண் ஸ்மித்துக்கு முத்திரிக்கப்பட்டபோது (சாவுக்குப் பிறகும் நீடிக்கும் என்று அவர்கள் நம்பும் திருமணச் சடங்கு அது) ஹெலனுக்கு வயது 14, ஸ்மித்துக்கு 37. இதற்கு இணங்கினால் உனக்கும் உன் குடும்பத்துக்கும் இரட்சிப்பு உறுதி என்று தன்னிடம் சொல்லப்பட்டதை ஹெலனே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒரு சின்னப் பெண்ணின் தலையில் மொத்தக் குடும்பத்தின் மோட்சத்தையும் ஏற்றிவிட்டு, அவளே சம்மதித்தாள் என்கிறீர்கள்.

பிற்பாடு ஹெலன் பலதார மணத்தை ஆதரித்து எழுதினாரே என்பீர்கள். எழுதினார். அதற்காக இளமையையே கொடுத்தவர் வேறு எப்படி எழுதுவார்? விதவைகளுக்கு வாழ்வு கொடுக்கத்தான் என்ற கதையை என்னிடம் கொண்டுவராதீர்கள். கணவர் உயிரோடு இருந்த பெண்களும் ஸ்மித்துக்கு முத்திரிக்கப்பட்டார்கள். 2014இல் மார்மன் சபையே ஒப்புக்கொண்டது இது.

மார்மன்கள் நிறைந்த அமெரிக்க மாநிலமான யூட்டாவில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தார். கோடு போட்ட சிறை உடையில் அவருடைய கொள்ளுத்தாத்தா. 1880களில் இரண்டு மனைவியரோடு வாழ்ந்ததற்காக உள்ளே போனவர், குடும்பத்துக்கே பெருமை. இரண்டாவது மனைவியோ கைது செய்ய வரும் மத்திய அரசின் மார்ஷல்களுக்குப் பயந்து பொய்ப் பெயரில் ஊர் ஊராக ஒளிந்து, யார் வீட்டிலோ பிள்ளை பெற்றவர். அவர் படம் எங்கே என்று கேட்டேன். "எங்கேயாவது இருக்கும், தேடணும்" என்று கேக் தட்டை என் பக்கம் நகர்த்தினார். தங்கமான மனுஷி, அவரைக் குறை சொல்லவில்லை.

1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் பலதார மணத்தை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார். சபையின் சொத்தைப் பறிக்கும் அமெரிக்க அரசின் சட்டம் 1887இலேயே வந்திருந்தது தற்செயல்தான் போலிருக்கிறது. அப்புறமும் ரகசியமாகக் கல்யாணம் நடந்து, 1904இல் இன்னொரு அறிக்கை தேவைப்பட்டது. ஏற்கெனவே இருந்த இரண்டாம், மூன்றாம் மனைவியரின் கதி என்ன என்று 1890 அறிக்கையில் ஒரு வரிகூடக் கிடையாது. தொடங்கவும் ஆணுக்குத்தான் வெளிப்படுத்தல், நிறுத்தவும் ஆணுக்குத்தான்.

"எந்த மதத்தில்தான் இல்லை? நீ மார்மன்கூடக் கிடையாதே?" என்று யாராவது கிளம்புவீர்கள். கிளம்புங்கள். மற்ற மதங்களைப் பற்றி எழுதியபோதும் இதையேதான் கேட்டீர்கள், எனக்குப் பழகிவிட்டது.

எல்லாம் பழங்கதை என்றும் சொல்லாதீர்கள். மனைவியை இழந்த ஆண் இன்றைக்கும் அவர்கள் கோயிலில் இன்னொரு பெண்ணோடும் நித்தியத்துக்கும் முத்திரிக்கப்படலாம். கணவனை இழந்த பெண் உயிரோடு இருக்கும்வரை, முதல் முத்திரையை ரத்து செய்யாமல் அப்படிச் செய்ய முடியாது. பரலோகத்தில் இன்னொருத்தியோடு கணவனைப் பங்குபோட, செத்துப்போன முதல் மனைவியிடம் யார் போய்ச் சம்மதம் வாங்கினார்கள்? அந்த அன்பரே சொல்லட்டும்.