ஆமை நகராததற்கு அந்தப் பையன் காரணம் இல்லை

"மிஸ், நான் என்ன தப்பு பண்ணினேன்?"

போன வாரம் வகுப்பில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் கேட்டான். திரையில் பைத்தான் மொழியில் ஐந்தே வரி. டர்ட்டிலை, அதாவது கோடு போட்டுக்கொண்டே நகரும் ஆமையை, இம்போர்ட் செய், 100 அடி முன்னால் போ, 90 டிகிரி வலப்பக்கம் திரும்பு, இதை 4 தடவை செய். அவ்வளவுதான், சதுரம். எழுத்துப்பிழை கிடையாது. அடைப்புக்குறிகள் எல்லாம் மூடியிருக்கின்றன. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி, அதுதான் இன்டென்ட், அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. ரன் கொடுத்தால் ஆமை வரவில்லை, சிவப்பு எழுத்து வருகிறது. "பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்" என்று ஆரம்பித்து, "சர்க்குலர் இம்போர்ட்" ஆக இருக்கலாம் என்று முடிகிறது.

அவன் பாவம், அந்த ஃபைலை மூடிவிட்டுப் புது ஃபைல் திறந்து, "சதுரம்" என்று பெயர் வைத்து, அந்த ஐந்து வரியையும் முதலிலிருந்து டைப் செய்தான். ஒவ்வொரு எழுத்தாக. மறுபடி அதே சிவப்பு. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டான்.

அவன் செய்த 'குற்றம்' என்ன தெரியுமா? முதல் ஃபைலுக்கு டர்ட்டில் என்று பெயர் வைத்தது. ஆமையை வைத்து எழுதிய நிரலுக்கு ஆமை என்று பெயர். நியாயம்தானே? பொருத்தமான பெயர் வை, பின்னால் தேட வசதியாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் பைத்தான் ஒரு மாட்யூலை, அதாவது இம்போர்ட் செய்யும் நிரல் தொகுப்பை, தேடும்போது, ஓடுகிற ஃபைல் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் பார்க்கும். அங்கே அதே பெயரில் ஃபைல் கிடந்தால், "இதோ டர்ட்டில்" என்று அதையே இழுத்துக்கொள்ளும். நிஜ ஆமை எங்கேயோ உட்கார்ந்திருக்க, பையனின் நிரல் தன்னையே இறக்குமதி செய்துகொண்டு, தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு நிற்கும். புது ஃபைலில் எழுதினாலும் பழைய ஃபைல் அதே ஃபோல்டரில் இருக்கும் வரை இந்தக் கதைதான். பழைய ஃபைலின் பெயரை மாற்றினேன். ஆமை ஓடியது. வேலை பத்து விநாடி. அதற்கு முன் அவன் தொலைத்தது முக்கால் மணி நேரம். வகுப்பே ஒரு மணி நேரம்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது ஊரறிந்த பிரச்சினை. பைத்தான் கற்றுக்கொடுக்கும் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பைத்தான் வெளிவந்த ஆண்டு 1991. "உன் ஃபைலும் உள்ளே இருக்கும் மாட்யூலும் ஒரே பெயரில் இருக்கின்றன, பெயரை மாற்றிப் பார்" என்று அந்த எரர் மெசேஜ் வாயைத் திறந்து சொன்னது 3.13 பதிப்பில், 2024இல். முப்பத்து மூன்று வருடம்! அதற்குள் எத்தனை பிள்ளைகள் "எனக்கு இதெல்லாம் வராது" என்று எழுந்து போயிருப்பார்கள்? நன்றி, தாமதமாகவாவது செய்தார்களே. ஆனால் எங்கள் வகுப்புக்கு வருகிற லேப்டாப்களில் இருப்பது பழைய பதிப்பு. ஆகவே நாங்கள் இன்னும் சர்க்குலர் இம்போர்ட்டில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

"அட, பிழை திருத்துவதும் படிப்புதானே" என்று உடனே ஒருவர் வருவார். வந்துவிட்டார், ஏற்கெனவே வந்துவிட்டார். சக ஆசிரியர், நல்ல மனிதர், அதனால் கத்தவில்லை. இங்கே கத்திக்கொள்கிறேன். சார், எனக்கும் தெரியும். 1967இல் ஃபெர்சைக், பேப்பர்ட், சாலமன் மூவரும் பிள்ளைகளுக்கான லோகோ நிரல் மொழியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்தப் பேச்சு இருக்கிறது. பிள்ளை தப்பு செய்யட்டும், ஏன் தப்பானது என்று தானே கண்டுபிடிக்கட்டும், அதில்தான் சிந்தனை வளரும். நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். 90 டிகிரிக்குப் பதில் 80 கொடுத்தால் சதுரம் மூடாமல் கோணலாக நிற்கும். பிள்ளை எழுந்து நின்று, தானே நடந்து, திரும்பிப் பார்த்து, "ஓ, இன்னும் கொஞ்சம் திரும்பணும்" என்று பிடித்துவிடும். அது பிள்ளையின் தப்பு, பிள்ளையின் கண்டுபிடிப்பு. அதைப் பார்ப்பதற்காகத்தான் நான் வகுப்புக்கே போகிறேன்.

பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சில் ஒன்று உண்டு. பூனையை நடக்கவிட்டு, ஓரத்தில் மோதினால் திரும்பு என்ற பிளாக்கைப் போட்டால், பூனை திரும்பும்போது தலைகீழாகத் தொங்கியபடி வரும். வகுப்பே சிரிக்கும். சுழலும் விதத்தை இடம்-வலம் என்று மாற்றினால் சரியாகிவிடும். தப்பு கண்ணெதிரே தெரிகிறது, காரணத்தை யோசிக்க முடிகிறது, மாற்றினால் உடனே பலன். இப்படித் தப்பு வந்தால் யார் கோபப்படப் போகிறார்கள்?

நான் சொல்வது வேறு வகைத் தப்பு. பிள்ளையின் யோசனையில் ஒரு பிசகும் இல்லாதபோது, கருவியின் மூலையில் எங்கேயோ ஒளிந்திருந்து காலை வாரிவிடுவது. அதிலிருந்து ஒரு பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? 'நான் சரியாகச் செய்தாலும் தப்பாகத்தான் வரும்' என்பதைத் தவிர? இரண்டு தப்புக்கும் ஒரே சிவப்பு எழுத்து. எது தன்னுடையது, எது கருவியுடையது என்று பிரித்துப் பார்க்கப் பதினோரு வயதில் யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறது.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். இதை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மைக்ரோபிட் என்ற சின்னஞ்சிறு கணினிப் போர்டைக் கணினியில் மாட்டுகிறோம். விளக்கு எரிகிறது. பிள்ளைக்குச் சந்தோஷம். ஆனால் மைக்ரோபிட் என்ற பெயரில் வரவேண்டிய டிரைவ் வரவில்லை. போர்ட்டை மாற்று, கணினியை ரீஸ்டார்ட் செய், வேறு கணினியில் மாட்டு. ஊஹூம். காரணம், அந்தக் கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டும் செய்தது. உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. மின்சாரம் போகிறது, அதனால் விளக்கு எரிகிறது. தகவல் போக வழியே இல்லை. வெளியே பார்த்தால் இரண்டு கேபிளும் இரட்டைப் பிள்ளைகள். அதன் மேல் ஒரு எழுத்து, ஒரு கோடு, ஒரு புள்ளி போட்டால் குடியா முழுகிவிடும்? ஆரம்பத்தில் நானே இரண்டு போர்டுகளை "செத்துப்போச்சு" என்று எடுத்து ஓரம் கட்டி வைத்திருந்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். போர்டுகள் நன்றாகத்தான் இருந்தன. இப்போது டேட்டா போகும் கேபிள்களின் முனையில் எல்லாம் சிவப்பு நகப்பூச்சு தடவி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதற்கு 'லிப்ஸ்டிக் கேபிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதே போர்டில் இன்னொரு கூத்து. ரீசெட் பட்டன் பின்பக்கம், யுஎஸ்பி துளைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாட்டும்போது சின்ன விரல் அதை அழுத்தியபடியே மாட்டிவிடும். உடனே டிரைவின் பெயர் 'மெயின்டனன்ஸ்' என்று மாறி வரும். அதில் நிரலைப் போட்டால் ஓடாது. கழற்றி, பட்டனைத் தொடாமல் மறுபடி மாட்டினால் போதும். போதும்தான், தெரிந்தால்.

ஆர்டுயினோ என்ற இன்னொரு போர்டு பற்றித் தனியாக ஒரு புலம்பல் எழுதலாம். நிரலை ஏற்றப் போனால், "நாட் இன் சிங்க்" என்று பத்துத் தடவை முயன்று பத்துத் தடவையும் அதே வாக்கியத்தை அச்சடிக்கும். போர்ட் தப்பாகத் தேர்வாகி இருக்கலாம். போர்டின் வகை தப்பாக இருக்கலாம். போர்டைக் கணினியோடு பேசவைக்கும் சிஎச்340 சிப்புக்கு டிரைவர் இல்லாமல் இருக்கலாம். 0, 1 எண் பின்களில் வயரைச் செருகி வைத்திருக்கலாம், நிரல் ஏறும் பாதையே அதுதான். நாலு நோய், ஒரே இருமல்.

சரி, உதவி தேடிப் போனால்? 'சிக்கல்களைத் தீர்க்க' என்று ஒரு பக்கம் இருக்கும். பிரௌசர் கேஷை அழியுங்கள். வேறு பிரௌசரில் பாருங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த நாலுதான். தலைவலிக்கும் அதே மாத்திரை, காலில் முள் குத்தினாலும் அதே மாத்திரை. பைத்தானை நூறு தடவை நீக்கி நிறுவினாலும் அந்தப் பையனின் டர்ட்டில் ஃபைல் அவன் ஃபோல்டரில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துதான் இருக்கும்.

நிறுவுவது மட்டும் லேசா? விண்டோஸில் பைத்தானின் வழக்கமான நிறுவல் திரையில், கீழே ஒரு ஓரத்தில் 'பாத்தில் சேர்' என்று ஒரு சின்னக் கட்டம், பைத்தான் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்லி வைப்பது. அதில் டிக் இருக்காது, நாமாகத்தான் போடவேண்டும். பெரிய பட்டன் மேலே பளபளக்கும்போது எந்தப் பிள்ளை கீழே பார்க்கும்? டிக் போடாமல் நிறுவிவிட்டு, கமாண்ட் பிராம்ட்டில் பைத்தான் என்று டைப் செய்தால், மைக்ரோசாஃப்டின் ஆப் ஸ்டோர் வந்து நிற்கும். "மிஸ், இதைக் காசு கொடுத்து வாங்கணுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஐந்து நிமிடம் முன்னால் நிறுவிய பொருளை!

அப்புறம் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பேய்கள். ஒரு வரியில் டேப், அடுத்த வரியில் நாலு ஸ்பேஸ். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பைத்தான் மட்டும் ஒத்துக்கொள்ளாது. சாட்டில் அனுப்பிய நிரலை ஒட்டினால் நேரான மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறியிருக்கும். நோட்பேடில் சேமித்தால் ஃபைல் பெயரின் வாலில் இன்னொரு வால் முளைத்து டிஎக்ஸ்டி ஆகியிருக்கும், அந்த வாலையும் விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும். யாருடைய வசதிக்காக மறைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சிவப்பு எழுத்தாவது பரவாயில்லை என்று தோன்ற வைத்த ஒன்றைச் சொல்கிறேன். முன்னும் பின்னும் படித்தால் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் பயிற்சிதான். ஒரு பெண் ஆங்கிலச் சொற்களில் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, ஆசையாகத் தமிழில் கொடுத்தாள். என்ன கொடுத்திருப்பாள்? விகடகவி. வேறென்ன? பைத்தான் சொன்ன பதில்: ஃபால்ஸ்.

விகடகவி இல்லையாம்! எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பொய். நீளம் கேட்டால் 7 என்கிறது. நமக்கு எழுத்து ஐந்து. விஷயம் என்னவென்றால், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'வி' என்பது வகரமும் இகரக் கொக்கியுமாக இரண்டு குறியீடு. திருப்பிப் போடும்போது கடைசியில் இருந்த கொக்கி முதலில் வந்து அந்தரத்தில் தொங்கும், இன்னொரு கொக்கி ககரத்தில் போய் ஒட்டிக்கொண்டு 'கி' ஆகிவிடும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள், 5 என்று வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று எண்ணிவிடும்.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? தன் நிரலைத்தான் சந்தேகப்பட்டாள். சரியாக இருந்த நிரலை, சரியாக இல்லை என்று நினைத்து, மாற்றி மாற்றிக் கெடுத்துக்கொண்டிருந்தாள். 'ஓப்பன்-தமிழ்' என்ற நூலகத்தில் தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அதை வைத்துப் பிரித்துத் திருப்பினோம், ட்ரூ வந்தது. வந்தபோது அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கோபம் அதிகம் இருந்தது. "அப்போ முதல்ல நான் எழுதினதே சரிதானே மிஸ்?" ஆமாம்மா, சரிதான்.

ஸ்கிராட்ச்சில் லாகின் செய்யாமல் பிரௌசரில் வேலை பார்த்துவிட்டு, கணினியில் சேமிக்காமல் டேபை மூடியவர்களின் சோகத்தை நான் எழுதப் போவதில்லை. சேமித்தவர்களின் சோகம், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே பெயரில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு வரிசையாக நிற்கிறது. இரட்டைக் கிளிக் செய்தால், ஸ்கிராட்ச் செயலி இல்லாத கணினியில் திறக்காது. உள்ளே போய் 'கணினியிலிருந்து ஏற்று' என்று கொடுக்கவேண்டும். இதையும் யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போதெல்லாம் வகுப்பில் முதல் பத்து நிமிடம் நான் நிரல் சொல்லிக் கொடுப்பதே இல்லை. லிப்ஸ்டிக் கேபிளைத் தேடுவது, டவுன்லோட்ஸைத் துழாவுவது, ஃபைல் பெயர்களைத் தணிக்கை செய்வது. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் புதிதாக ஒரு பெண் சேர்கிறாள். பகடை விளையாட்டு எழுதப் போகிறோம், குருட்டாம்போக்கில் எண் எடுத்துத் தரும் ரேண்டம் மாட்யூல் வேண்டும். ஃபைலுக்கு அவள் என்ன பெயர் வைக்கப் போகிறாள் என்று எனக்கு இப்போதே தெரியும்.